ஹைட்ராலிக் சோலனாய்டு வால்வு மாற்றுவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஸ், இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின், சிஎன்சி லேத்தின் சக், ஃபவுண்டரி மோல்டிங் மெஷின் என்று எதை எடுத்தாலும், பவர் பேக்கின் (பம்பும் டேங்கும் சேர்ந்த தொகுதி) மேனிஃபோல்டு பிளாக்கில் நான்கு ஆலன் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் திசை மாற்றும் வால்வுகள்தான் இங்கே பேச்சு. ஆங்கிலத்தில் பம்ப் வாய்க்கும் (P) பி வாய்க்கும் (B) எழுத்து வேறு. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் இதில் பம்ப் போர்ட், டேங்க் போர்ட், ஏ போர்ட், பி போர்ட் என்றே எழுதியிருக்கிறோம். ஏ, பி இரண்டும் சிலிண்டருக்குப் போகும் வாய்கள்.

சிலிண்டர் நகரவில்லை. வால்வுதான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

வால்வைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். கழற்றி வைக்கப்படும் வால்வுகளில் பல நல்ல வால்வுகளே.

முதலில் கேஜைப் பாருங்கள். பம்ப் ஓடியும் பிரஷர் ஏறவில்லை என்றால் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை தாண்டினால் ஆயிலை டேங்குக்கு விடுவது), பம்ப், அன்லோடிங் வால்வு என்று தேட வேண்டும். பிரஷர் இருந்தும் சிலிண்டர் நகரவில்லை என்றால், காயிலின் (வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள்) முனையில் இருக்கும் மேனுவல் பின்னை மழுங்கிய கம்பியால் உள்ளே தள்ளுங்கள். அதற்கு முன், சிலிண்டர் நகர்ந்தால் யார் கையும் நடுவில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னைத் தள்ளும்போது பிஎல்சியின் (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) எந்த இன்டர்லாக்கும் உங்களைக் காப்பாற்றாது.

பின்னைத் தள்ளினால் சிலிண்டர் நகர்கிறது என்றால் ஸ்பூலும் (வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் வழியை மாற்றும் உருளை) ஆயில் பக்கமும் சரி. கோளாறு கரண்ட் பக்கம். பின் உள்ளே போகவே மறுத்தால் ஸ்பூல் ஜாம், அல்லது டேங்க் லைனில் எதிர் அழுத்தம் அதிகம். பின் சுலபமாகப் போய்த் திரும்புகிறது, ஆனால் சிலிண்டர் அசையவில்லை என்றால் வால்வுக்குக் கீழே இருக்கும் சாண்ட்விச் பிளேட்டுகளையும் (த்ராட்டில், பைலட் செக்) சிலிண்டர் சீலையும் பாருங்கள்.

கரண்ட் பக்கம் என்று தெரிந்தால் பிளக்கைக் கழற்றாமல், காயிலுக்குக் கரண்ட் போகும்போதே வோல்ட் அளக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி அளந்தால் 24 வோல்ட் அழகாகக் காட்டும். லோடு விழுந்தவுடன் துருப்பிடித்த டெர்மினலில் பாதி போய்விடும். பெரும்பாலான வால்வுகளுக்கு அனுமதி கூட்டல் கழித்தல் 10 சதவீதம், அதாவது 21.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு கணக்கு: 0.5 சதுர மி.மீ. வயர், பேனலிலிருந்து வால்வு வரை 30 மீட்டர், போக வர 60 மீட்டர். வயரின் தடை மட்டும் சுமார் 2.2 ஓம். 30 வாட் காயிலுடன் சேர்ந்தால் காயிலுக்குக் கிடைப்பது 21.5 வோல்ட்தான். காலையில் வேலை செய்து, காயில் சூடேறிய பிறகு மதியம் தகராறு செய்யும் மெஷின்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மீட்டர் கையில் இல்லையா? இரும்பு ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் காயில் முனையில் இருக்கும் நட்டுக்கு அருகே கொண்டு போங்கள். இழுத்தால் காயிலில் காந்தம் இருக்கிறது. போதுமான அளவு இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

காயில் மட்டும் எரிந்திருந்தால் முழு வால்வையும் மாற்ற வேண்டுமா?

இன்று சந்தையில் இருப்பவை பெரும்பாலும் வெட் பின் வகை. ஆயில் ஒரு டியூபுக்குள் இருக்கும். காயில் அதன் மேல் மாட்டிய வளையம். ஆயிலைத் திறக்காமல், நட்டைக் கழற்றிக் காயிலை உருவி மாற்றிவிடலாம். ஆனால் காயில் ஏன் எரிந்தது என்று தெரியாமல் மாற்றினால் புதுக் காயிலும் அதே வழிதான் போகும், குறிப்பாக ஏசி காயிலில்.

நட்டை இறுக்குவதில் பலம் காட்டாதீர்கள். ரெக்ஸ்ராத் நிறுவனத்தின் என்ஜி6 அளவு வால்வுக்கு அந்த நட் சுமார் 4 நியூட்டன் மீட்டர்தான். கையால் திருப்பி, ஸ்பானரால் ஒரு சிறு இழு. டியூபின் சுவர் மெல்லியது, அதிகம் இறுக்கினால் உள்ளே ஆர்மேச்சர் (காந்தம் இழுக்கும் இரும்புத் துண்டு) உரசும். இன்னொன்று: டியூபில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு காயிலுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கக் கூடாது. ஏசி காயில் என்றால் சீக்கிரமே புகை வந்துவிடும்.

நல்ல காயில் எத்தனை ஓம் காட்டும்?

டிசி காயிலுக்குக் கணக்கு எளிது: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள். 24 வோல்ட், 30 வாட் என்றால் 576-ஐ 30-ஆல் வகுத்து 19.2 ஓம். 36 வாட் என்றால் 16 ஓம். 12 வோல்ட், 30 வாட் என்றால் 4.8 ஓம். இவை குளிர்ந்த நிலைக் கணக்கு. தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் கூடும். காயில் 100 டிகிரிக்குப் போனால் 19.2 ஓம் 25 ஓமாகத் தெரியும். சூட்டில் அளந்துவிட்டுக் காயில் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கணக்கை விட வெகு குறைவாக இருந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றன. ஓப்பன் காட்டினால் வயர் அறுந்துவிட்டது. பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது.

ஏசி காயிலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கரண்டைக் கட்டுப்படுத்துவது தடை மட்டும் அல்ல, காந்தச் சுற்றும்கூட. பக்கத்தில் இருக்கும் அதே மாடல் நல்ல காயிலை அளந்து ஒப்பிடுவதே வழி.

காயில் கை வைக்க முடியாத அளவு சூடாக இருப்பது மட்டும் கோளாறு அல்ல. தொடர்ந்து கரண்டில் இருக்கும் காயில் அப்படித்தான் இருக்கும்.

ஏசி காயில் அடிக்கடி எரிகிறது. டிசி எரிவதில்லை. ஏன்?

ஏசி காயிலில் ஆர்மேச்சர் முழுதாக உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கரண்ட் குறையும். அதுவரை பல மடங்கு ஓடும். ஸ்பூலில் ஒரு தூசி மாட்டி, கடைசி ஒரு மில்லிமீட்டர் நகராமல் நின்றால் அந்தப் பெரிய கரண்ட் குறையாமல் நிற்கும், காயில் எரிந்துவிடும். எரிந்தது காயில் என்றாலும் குற்றவாளி ஸ்பூல். டிசி காயிலில் ஆர்மேச்சர் எங்கே நின்றாலும் கரண்ட் ஒன்றே.

இரட்டைக் காயில் வால்வில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போனாலும் இதே கதி: ஒன்று ஜெயிக்கும், மற்றொன்று எரியும். ஒட்டிக்கொண்ட ரிலே, அல்லது இன்டர்லாக் இல்லாத புரோகிராம் காரணமாக இருக்கும். மூன்றாவது காரணம், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த காயில். அமெரிக்கா, தைவான் மெஷின்களில் வரும். அதே வோல்ட்டை நம் 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் கரண்ட் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். வாங்கும்போது 50 ஹெர்ட்ஸ் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் டிசிக்கு மாறிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. சில மில்லி செகண்ட் மெதுவாகத் திறக்கும். பெரும்பாலான மெஷின்களுக்கு அது தெரியவே தெரியாது.

மெஷினில் 230 வோல்ட் ஏசி வருகிறது. காயிலில் 205 வோல்ட் டிசி என்று எழுதியிருக்கிறது. யாரோ தவறாகப் போட்டுவிட்டார்களா?

இல்லை. ரெக்டிஃபையர் பிளக்கின் உள்ளேயே இருக்கிறது. 230 வோல்ட்டை ஃபுல் வேவ் ரெக்டிஃபை செய்தால் சராசரி 0.9 மடங்கு, அதாவது 207 வோல்ட்; அதற்குச் செய்த காயில் 205. அதேபோல் 110 வோல்ட் ஏசிக்கு 96 வோல்ட் டிசி காயில். இங்கே நடக்கும் தவறு வேறு: பழைய பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாதாரணப் பிளக் மாட்டுவது. டிசி காயிலுக்கு நேரடி ஏசி போகும். வால்வு உறுமும், இழுக்காது.

நேம்பிளேட்டில் இருக்கும் நீண்ட எண்ணை எப்படிப் படிப்பது?

இரண்டு உதாரணம் போதும். யூக்கன் நிறுவனத்தின் டிஎஸ்ஜி-01-3சி4-டி24-என்-70. டிஎஸ்ஜி சோலனாய்டு திசை வால்வு. 01 என்ஜி6 அளவு. 3 மூன்று நிலை. சி ஸ்பிரிங் நடுவில் நிறுத்தும் வகை (இந்த எழுத்து டி என்றால் டிடென்ட், அதாவது கடைசி நிலையிலேயே பிடித்து நிறுத்தும் வகை). 4 ஸ்பூல் வகை. டி24 டிசி 24 வோல்ட். என் பிளக் கனெக்டர், அது இல்லாவிட்டால் டெர்மினல் பாக்ஸ். 70 டிசைன் எண்.

ரெக்ஸ்ராத் 4டபிள்யூஇ6ஜே6எக்ஸ்/இஜி24என்9கே4. முதல் 4 நான்கு போர்ட், 6 அளவு, ஜே ஸ்பூல், 6எக்ஸ் என்பது 60 முதல் 69 வரை சீரிஸ், பொருத்தும் அளவுகள் மாறாதவை, ஜி24 டிசி 24 வோல்ட், என்9 மறைவான மேனுவல் பின், கே4 பிளக் வகை. கடைசியில் வி இருந்தால் எஃப்கேஎம் ரப்பர் சீல்.

இதில் டிசைன் எண்ணும் சீரிஸும் வித்தியாசமாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஸ்பூல் எழுத்து மாறினால் மெஷினே மாறிவிடும்.

ஒரே துளைகளில் உட்கார்ந்துவிடுகிறதே, பிறகு என்ன?

தவறு நடப்பதே அதனால்தான். ஐஎஸ்ஓ 4401 என்ற தரம் பொருத்தும் முகத்தை ஒன்றாக்கிவிட்டது. என்ஜி6, சீடாப் 3, டி03 மூன்றும் ஒன்று. என்ஜி10, சீடாப் 5, டி05 ஒன்று. எந்த நிறுவன வால்வும் எந்த நிறுவன பிளாக்கிலும் உட்காரும், ஓ-ரிங் சேரும், ஆயில் ஒழுகாது. உள்ளே ஸ்பூல் என்ன செய்கிறது என்பதை வெளித்தோற்றம் சொல்லவே சொல்லாது.

அளந்து தெரிந்துகொள்ள: என்ஜி6-க்கு எம்5 போல்ட், நீளவாக்கில் 40.5 மி.மீ. இடைவெளி, குறுக்கே ஒரு ஜோடி 31, மற்ற ஜோடி 32.5. இந்தச் சிறு வித்தியாசம் திருப்பி மாட்டுவதைத் தடுக்க உதவுகிறது. என்ஜி10-க்கு எம்6 போல்ட், 54-க்கு 46 மி.மீ., இரு பக்கமும் சமம். ஆகவே என்ஜி10 வால்வைத் திருப்பி வைத்தாலும் போல்ட் ஏறிவிடும். போர்ட்டுகள் மட்டும் சேராது. பம்ப் போர்ட் எந்தப் பக்கம் என்று கழற்றும் முன் மார்க்கர் கோடு ஒன்று போட்டுவிடுங்கள்.

நடு நிலையில் ஸ்பூல் எப்படி இருந்தால் என்ன? இரண்டு பக்கமும் வேலை செய்கிறதே!

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். காயிலில் கரண்ட் இல்லாதபோது நான்கு போர்ட்டுகளும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் சர்க்யூட்டே வரையப்பட்டிருக்கும். அதிகம் புழங்குபவை நான்கு.

எல்லாம் மூடியது: ரெக்ஸ்ராத் இ, யூக்கன் 3சி2, விக்கர்ஸ் 2சி. எல்லாம் திறந்தது: எச், 3சி3, 0சி. பம்ப் மூடி, ஏ, பி இரண்டும் டேங்குக்குத் திறந்தது: ஜே, 3சி4, 6சி. பம்ப் டேங்குக்குத் திறந்து, ஏ, பி மூடிய டேண்டம்: ஜி, 3சி60, 8சி.

டேண்டம் இருந்த இடத்தில் எல்லாம் மூடியதைப் போட்டால் என்ன ஆகும்? சிலிண்டர் மேலும் கீழும் சரியாகப் போகும், ஆபரேட்டர் திருப்தியாகத் தலையாட்டுவார். ஆனால் சும்மா நிற்கும்போது கியர் பம்பின் ஆயில் டேங்குக்குப் போக வழி இல்லாமல் ரிலீஃப் வால்வு வழியாக முழு அழுத்தத்தில் போகும். 20 லிட்டர், 150 பார் என்றால் 5 கிலோவாட் ஹீட்டரை டேங்கில் போட்டது போல. ஒரு ஷிஃப்டில் ஆயில் கொதிக்கும், கூலர் மேல் பழி விழும். தலைகீழாக, ஒரே பம்பில் பல வால்வு இருக்கும் மெஷினில் மூடியதற்குப் பதில் டேண்டம் போட்டால், அந்த ஒரு வால்வு நடுவில் நிற்கும்போதெல்லாம் மொத்த லைனின் பிரஷரும் டேங்குக்கு ஓடிவிடும்.

இன்னும் மோசமானது பைலட் செக் வால்வு (பைலட் அழுத்தம் வந்தால் மட்டுமே ஆயிலைத் திரும்ப விடுவது) சேர்ந்த இடம். சுமையைத் தாங்கி நிறுத்த வால்வுக்குக் கீழே பைலட் செக் சாண்ட்விச் இருந்தால், மேலே இருப்பது 3சி4 அல்லது ஜே ஆகவே இருக்க வேண்டும். நடு நிலைக்கு வந்ததும் பைலட் லைன் டேங்குக்கு வடிந்தால்தான் செக் வால்வு மூடும். அங்கே 3சி2 போட்டால் பைலட் அழுத்தம் அடைபட்டு நிற்கும், செக் முழுதாக மூடாது, பிளேட்டன் (பிரஸ்ஸின் நகரும் தட்டு) மெல்ல இறங்கும். செக் வால்வு லீக் என்று அதை மாற்றுவார்கள், இறக்கம் தொடரும். டை மேலே தொங்கும் பிரஸ்ஸில் இது உயிர் போகும் விஷயம்.

3சி2 எல்லாம் மூடியதுதானே, அது மட்டுமே சுமையைத் தாங்காதா?

தாங்காது. ஸ்பூலுக்கும் துளைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதன் வழியாக ஆயில் கசியும். புது வால்விலும் கசியும், தேய்ந்ததில் அதிகம். தாங்க வேண்டிய இடத்தில் பைலட் செக் அல்லது கவுன்டர்பேலன்ஸ் வால்வு வேண்டும்.

இரண்டு நிலை வால்வில் எதைக் கவனிக்க வேண்டும்?

கரண்ட் போனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை. ஸ்பிரிங் வகை பழைய நிலைக்குத் திரும்பும். டிடென்ட் வகை கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். சக், கிளாம்ப், ஃபிக்ஸ்சர் பிடிக்கும் இடங்களில் கரண்ட் போனாலும் பிடி விடக் கூடாது என்பதற்காக டிடென்ட் போட்டிருப்பார்கள். அங்கே ஒற்றைக் காயில் ஸ்பிரிங் வால்வைப் போட்டால், மின்வெட்டு வரும் தருணத்தில் ஓடும் சக் திறக்கும். இரண்டு காயில் இருக்கிறது என்பதாலேயே மூன்று நிலை வால்வு என்று எண்ணிவிடாதீர்கள். நேம்பிளேட்டில் இருக்கும் சின்னத்தில் கட்டங்களை எண்ணுங்கள்.

காயிலுக்கு ஏ, பி என்று பெயர் வைப்பதிலும் எல்லா நிறுவனமும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. வேறு பிராண்டுக்கு மாறும்போது அம்புக்குறிச் சின்னத்தைப் பார்த்து, எந்தக் காயில் பம்பை எந்தப் போர்ட்டுடன் சேர்க்கிறது என்று உறுதி செய்த பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

பம்ப் 40 லிட்டர்தான். என்ஜி6 போதுமா?

போதும் என்று சொல்லத் தோன்றும். நல்ல என்ஜி6 வால்வுகள் 350 பார் வரை, நிமிடத்துக்கு 60 முதல் 80 லிட்டர் தாங்கும்; என்ஜி10 120 முதல் 150 லிட்டர். ஆனால் சிலிண்டர் உள்ளே திரும்பும்போது பெரிய பக்கத்திலிருந்து வெளியேறும் ஆயிலைக் கணக்கில் எடுங்கள். 100 மி.மீ. போர், 70 மி.மீ. ராடு என்றால் இரு பக்கப் பரப்பின் விகிதம் 1.96. ராடு பக்கம் 40 லிட்டர் போனால் மறுபக்கம் 78 லிட்டர் வெளியே வரும், அதே வால்வு வழியாக. விளிம்பில் நிற்கிறது. அந்த வரம்பும் ஸ்பூலுக்கு ஸ்பூல் வேறு; டேண்டம் ஸ்பூலில் வழி குறுகல், அதனால் குறைவு. வரம்பைத் தாண்டினால் ஓடும் ஆயிலின் விசை காயிலின் விசையை ஜெயித்து, ஸ்பூல் பாதியில் நிற்கும் அல்லது ஸ்பிரிங்கால் திரும்ப முடியாமல் போகும்.

டேங்க் போர்ட்டுக்கும் எல்லை உண்டு: வெட் பின் வால்வுகளில் பொதுவாக 160 முதல் 210 பார். மேனிஃபோல்டில் அதிர்ச்சி அழுத்தம் வரும் இடங்களில் மட்டும் இது கவலை.

வாட் குறைவான காயில் இருந்த இடத்தில் சாதாரணக் காயில் போடலாமா?

பிஎல்சி அவுட்புட்டைப் பாருங்கள். டிரான்சிஸ்டர் அவுட்புட் பல கார்டுகளில் 0.5 ஆம்பியர்தான். 30 வாட் காயில் 1.25 ஆம்பியர் இழுக்கும். இடையில் ரிலே வேண்டும்.

பிளக்கில் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டுமா?

வெறும் காயிலுக்கு வேண்டாம். சதுர டின் (DIN, ஜெர்மன் தரநிலை) பிளக்கில் 1, 2 காயிலுக்கு, தட்டையான தனிப் பின் எர்த்துக்கு. ஆனால் எல்இடியும் டயோடும் உள்ள பிளக் என்றால் பார்த்தே ஆக வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் டயோடு வழியாக நேரடி ஷார்ட், அவுட்புட் கார்டு போகும். டயோடு போட்டால் காயில் அணைந்த பின்னும் கரண்ட் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், வால்வு திரும்பும் நேரம் பல மடங்கு நீளும். சைக்கிள் நேரம் இறுக்கமான மெஷினில் டயோடுக்குப் பதில் வேரிஸ்டர் (மின்னழுத்த எழுச்சியை அடக்கும் பாகம்) வைத்த பிளக் வாங்குங்கள்.

பிளக்கின் கீழே இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டைத் தொலைக்காதீர்கள். கூலன்ட் தெறிக்கும் மெஷினில் அந்தத் தட்டை ரப்பர் இல்லாவிட்டால் பின்கள் ஒரு மழைக்காலம் தாங்காது.

சீல் எது வாங்க வேண்டும்?

சாதாரண மினரல் ஆயிலுக்கு, 80 டிகிரி வரை என்பிஆர் (நைட்ரைல் ரப்பர்). டை காஸ்டிங் மெஷின்களில் புழங்கும் வாட்டர் கிளைக்காலுக்கும் என்பிஆர் சரி. பாஸ்பேட் எஸ்டர் தீத்தடுப்பு ஆயில் என்றால் கட்டாயம் எஃப்கேஎம். என்பிஆர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். ஓ-ரிங் அளவு, என்ஜி6-க்கு 9.25-க்கு 1.78 மி.மீ. அதிகம் வரும், யூக்கன் 01 வகைக்கு பி9, அதாவது 8.8-க்கு 1.9. கடையில் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல், வால்வுடன் வந்ததையே போடுங்கள்.

புது வால்வைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மேசையிலேயே என்ன சோதிக்கலாம்?

போர்ட் மூடியைக் கழற்றாமல் முதலில் நேம்பிளேட், சின்னம், வோல்ட். பிறகு ஓம். இரு பக்கப் பின்னையும் தள்ளிப் பாருங்கள். ஒரே சீரான ஸ்பிரிங் எதிர்ப்புடன் போய், விட்டதும் திரும்ப வேண்டும். நடுவில் சிக்கினால் திருப்பிக் கொடுங்கள். காயில் டியூபில் இருக்கும்போதே கரண்ட் கொடுத்தால் ‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்க வேண்டும்.

ஸ்பூலைத் தெரிந்துகொள்ள எளிய வழி காற்று. சுத்தமான, 2 பாருக்கு மிகாத காற்றைப் பம்ப் போர்ட்டில் ஊதுங்கள். 3சி2, 3சி4 என்றால் வெளியே வராது, லேசான கசிவு மட்டும். டேண்டம் என்றால் டேங்க் போர்ட்டில் மட்டும் வரும். எல்லாம் திறந்தது என்றால் மூன்றிலும் வரும். 3சி2-வையும் 3சி4-ஐயும் பிரிக்க, ஏ போர்ட்டில் ஊதுங்கள்; டேங்கில் வந்தால் 3சி4. நேம்பிளேட் அழிந்த பழைய வால்வுக்கும் இதே சோதனைதான்.

கழற்றி மாட்டும் வரிசை என்ன?

பம்பை நிறுத்தி மெயின் ஸ்விட்சைப் பூட்டுங்கள். தொங்கும் சுமையை இறக்குங்கள், அல்லது அடியில் இரும்புக் கட்டை கொடுங்கள். அக்யுமுலேட்டரை (ஆயிலை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் கலன்) வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பின்களை இரு பக்கமும் சில முறை தள்ளி அடைபட்ட அழுத்தத்தை விடுங்கள். பைலட் செக்குக்கும் சிலிண்டருக்கும் இடையே இருப்பது இதனால் வடியாது. அதனால்தான் இரும்புக் கட்டை.

சுற்றியுள்ள தூசியை முதலில் துடையுங்கள், அதிலும் ஃபவுண்டரி மணல். போல்ட்டைக் குறுக்கு வரிசையில் தளர்த்துங்கள். வால்வு வெளியே வந்ததும் அதன் பம்ப் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஓட்டையுடன் சிறு உலோகச் செருகல் இருக்கலாம். வேகத்தைக் கட்டுப்படுத்த மெஷின்காரர் போட்ட ஆரிஃபிஸ் அது. 0.8, 1.0, 1.2 என்ற அளவுகளில் வரும். பழைய வால்வோடு குப்பைக்குப் போய்விட்டால் அந்தச் சிலிண்டர் மறுநாள் முதல் அடித்துக்கொண்டு ஓடும்.

பிளாக்கின் முகத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். ஒரு நூல் போதும், ஸ்பூலை நிறுத்திவிடும். நூல் பிரியாத துணி எடுங்கள். முகத்தில் கீறல், மேடு இருக்கக் கூடாது. கேட்கப்படும் சமதளம் 100 மி.மீ.க்கு 0.01 மி.மீ. ஓ-ரிங்கை ஆயிலில் தொட்டு உட்கார வையுங்கள். என்ஜி6-க்கு நான்கு, என்ஜி10-க்கு டேங்க் போர்ட் இரண்டு என்பதால் ஐந்து.

போல்ட் நீளம்தான் பலர் வழுக்கும் இடம். யூக்கன் டிஎஸ்ஜி-01 கேட்பது எம்5, 45 மி.மீ.; ரெக்ஸ்ராத் 4டபிள்யூஇ6 கேட்பது 50 மி.மீ. யூக்கன் போல்ட்டையே ரெக்ஸ்ராத்துக்குப் போட்டால் பிளாக்கில் 5 மி.மீ. மரை குறையும், இறுக்கும்போது மரை உரியும். எதிர்ப்பக்கம் போனால் போல்ட் அடியில் முட்டி, இறுகியது போலக் காட்டும். பம்ப் ஓடியதும் ஆயில் பீய்ச்சும். சாண்ட்விச் பிளேட் அடுக்கு இருந்தால் என்ஜி6-க்கு ஒன்றுக்கு 40 மி.மீ. கூட்டுங்கள், என்ஜி10-இல் சில பிராண்ட் 50, சில 55 என்பதால் அளந்தே வாங்குங்கள். போல்ட் 10.9 அல்லது 12.9 தரம்.

இறுக்குவது குறுக்கு வரிசையில், இரண்டு சுற்றாக. எம்5-க்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர், எம்6-க்கு 12 முதல் 15. ஆலன் கீயில் பைப் செருகி இறுக்கினால் வால்வின் உடல் வளையும். மைக்ரான் இடைவெளியில் ஓடும் ஸ்பூல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ‘பெட்டியில் நன்றாக இருந்தது, மாட்டியதும் ஜாம்’ என்றால் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி (பம்ப் நின்ற நிலையில்) பின்னைத் தள்ளிப் பாருங்கள். சுலபமாகிவிட்டால் காரணம் இறுக்கம் அல்லது முகம்.

முதல் ஓட்டம்?

ரிலீஃப் வால்வைத் தளர்த்தி, குறைந்த அழுத்தத்தில் பம்பை ஓட்டுங்கள். மேனுவல் பின்னால் இரு பக்கமும் பத்துப் பதினைந்து தடவை இயக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஜாகில் (பட்டனை அழுத்தும்வரை மட்டும் நகரும் முறை) ஒவ்வொரு காயிலாக, திசை சரியா என்று. அழுத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றிய பின் சும்மா நிற்கும் நிலையில் கேஜைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்பு 5 பார் காட்டிய இடத்தில் 150 காட்டினால் நடு நிலை ஸ்பூல் தவறு.

புது வால்வும் ஒரு மாதத்தில் ஜாம் ஆகிறது. போலியா?

போலியும் உண்டு, ஆனால் ஆயிலை முதலில் பாருங்கள். இந்த வகை வால்வுகளுக்குக் கேட்கப்படும் தூய்மை ஐஎஸ்ஓ 4406-இன்படி 20/18/15. டிரம்மில் வரும் புது ஆயிலே பல நேரம் இந்த அளவுக்கு இருப்பதில்லை. ஃபில்டர் வழியாக ஊற்றுங்கள். ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்து பைபாஸில் ஓடுகிறதா என்று இண்டிகேட்டரைப் பாருங்கள். கழற்றிய ஸ்பூலில் கீறல் இருந்தால் உலோகத்தூள், பம்ப் தேய்கிறது என்று பொருள். பழுப்பு நிற மெழுகுப் படலம் இருந்தால் ஆயில் வெந்து வார்னிஷ் ஆகியிருக்கிறது. வெப்பத்தின் காரணத்தைத் தேடுங்கள். துரு என்றால் தண்ணீர்.

மணிக்கணக்கில் அழுத்தத்தில் ஒரே நிலையில் நிற்கும் வால்வு இன்னொரு வகை. இடைவெளிக்குள் நுண்தூள் படிந்து ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும். மேனுவல் பின்னில் ஒரு தட்டு தட்டினால் விடும், அடுத்த நாள் மீண்டும் பிடிக்கும். அங்கே வால்வை மாற்றிப் பயனில்லை. ஃபில்டரை நுண்மையாக்க வேண்டும்.

மாற்றிய பின் மெஷின் ‘டமால்’ என்று அதிர்கிறது.

பழையது ஷாக்லெஸ் (மெதுவாக நிலை மாறி அதிர்ச்சியைக் குறைக்கும்) வகையாக இருந்திருக்கும். யூக்கனில் எஸ்-டிஎஸ்ஜி என்று தொடங்கும். அல்லது மேலே சொன்ன ஆரிஃபிஸ் காணாமல் போயிருக்கும்.

என்ஜி16, என்ஜி25 போன்ற பெரியவற்றுக்கும் இதே முறையா?

மேலே இருக்கும் சின்ன வால்வு பைலட். கீழே இருக்கும் பெரிய ஸ்பூலை ஆயிலே தள்ளுகிறது. இங்கே கூடுதலாகக் கேட்க வேண்டியது, பைலட் ஆயில் உள்ளிருந்தா வெளியிலிருந்தா, அதன் வடிகால் உள்ளேயா வெளியேயா என்பது. ரெக்ஸ்ராத் எண்ணில் எதுவும் இல்லை என்றால் இரண்டும் வெளி. இடி என்றால் இரண்டும் உள். இ மட்டும் என்றால் பைலட் உள், வடிகால் வெளி. உள்ளே ஒரு சிறு பிளக்கைக் கழற்றுவதாலோ மாட்டுவதாலோ மட்டும் இது மாறும். பைலட் உள்ளிருந்து எடுத்து, ஸ்பூல் டேண்டமாகவோ எல்லாம் திறந்ததாகவோ இருந்தால், பம்ப் நடு நிலையில் அழுத்தமே இல்லாமல் ஓடும். பெரிய ஸ்பூலைத் தள்ள ஆயிலுக்குப் பலம் இருக்காது. அதற்காக ஒரு முன்னழுத்தச் செக் வால்வு வைத்திருப்பார்கள். பழைய வால்வில் அது இருந்து புதியதில் இல்லாவிட்டால் காயில் டக் என்று அடிக்கும், மெஷின் அசையாது.

காயில் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் மேலே எலக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. இதையும் மாற்றலாமா?

அது ப்ரபோர்ஷனல் வால்வாக (சிக்னலின் அளவுக்கு ஏற்பத் திறப்பது) இருக்கும். போல்ட் துளைகள் அதேபோல இருந்தாலும் சாதாரண வால்வு அங்கே போகாது. முழு எண்ணையும், கார்டின் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு அதே மாடலைத் தேடுங்கள்.